படுத்தால் மூச்சு முட்டுகிறதா? வாய்வு என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

2016 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் இரண்டு மாதங்களுக்கு மேலாகச் சிகிச்சையில் இருந்த அன்றைய முதல்வர் ஜெயலலிதாவுக்கு 'கார்டியாக் அரெஸ்ட்' ஏற்பட்டிருப்பதாக மருத்துவமனை அறிவித்தது. பல தொலைக்காட்சிகளில் ஓடிய வரியோ 'முதல்வருக்கு மாரடைப்பு'. மறுநாள் இரவு அவர் மறைந்தார். அந்த இரண்டு நாட்களும் டீக்கடையில், பஸ்ஸில், வீட்டில் எங்கே கேட்டாலும் ஹார்ட் அட்டாக், ஹார்ட் ஃபெயிலியர், கார்டியாக் அரெஸ்ட் என்ற மூன்று பெயர்களும் ஒரே நோய் என்பதுபோலத்தான் பேசப்பட்டன.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. குழப்பம் அப்படியேதான் இருக்கிறது. சாந்தோமில் இருக்கும் என் கிளினிக்குக்கு டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இது: "ஹார்ட் ஃபெயில் ஆயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க டாக்டர். அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள்?" கேட்கும்போதே குரல் உடைந்துவிடும். அந்த அப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வாரம் அந்த 'ஹார்ட் ஃபெயிலிய'ரைப் பற்றி, குறிப்பாக அது திடீரென்று முற்றி மூச்சை அடைக்கும் நிலையைப் பற்றிப் பார்ப்போம்.

மூன்று பெயர், மூன்று பிரச்னை

மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் பிரச்னை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது.

கார்டியாக் அரெஸ்ட் என்பது இதயத் துடிப்பு நின்றுபோவது. பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாவதால் வரும். ஆள் அந்த இடத்திலேயே நினைவிழந்து விழுந்துவிடுவார். நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான்.

ஹார்ட் ஃபெயிலியர் என்பது பம்ப் பிரச்னை. தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவுக்கு ரத்தத்தை இறைக்க அதனால் முடியவில்லை. அல்லது தசை விறைத்துப்போய், உள்ளே வரும் ரத்தத்தைச் சரியாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. நோயாளி நடமாடுவார், சாப்பிடுவார், வேலைக்கும் போவார். மருந்தோடு பல ஆண்டுகள் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

ஆனால், ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். மாரடைப்பில் தசை செத்துப்போனால் பம்ப் பலவீனமாகும். பம்ப் பலவீனமானால் மின்னோட்டம் தாறுமாறாகி, ஒருநாள் துடிப்பே நிற்கலாம். அதனால்தான் நடுவில் இருக்கும் இந்த நோயைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடையாற்று முகத்துவாரத்தைப் பாருங்கள்

சாந்தோம் தேவாலயத்திலிருந்து தெற்கே நடந்தால் பட்டினப்பாக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட், சீனிவாசபுரம். அதோடு கரை முடிந்து, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வந்துவிடும். அங்கே மணல் அடித்து வாயை மூடிக்கொள்வதும், மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து மணலை அள்ளுவதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிய காட்சி. ஏன் அள்ளுகிறார்கள்? முகத்துவாரம் அடைந்தால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக முடியாமல் பின்வாங்கும். கடலோரத்தில் இருக்கும் கோளாறு, உள்ளே இருக்கும் கரைகளில் தண்ணீராகத் தெரியும்.

இதயத்திலும் அதேதான். இடது பக்க இதயத்தின் வேலை, நுரையீரலில் இருந்து வரும் ரத்தத்தை வாங்கி உடம்பு முழுக்க அனுப்புவது. அதனால் அனுப்ப முடியாவிட்டால் ரத்தம் நுரையீரலுக்கே பின்னுக்குத் தேங்கும். அழுத்தம் கூடும்போது நீர் கசிந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். மூச்சு முட்டுகிறது. வலது பக்க இதயம் தடுமாறினால், நீர் காலிலும் வயிற்றிலும் கல்லீரலிலும் தேங்கும். கால் வீங்கும், வயிறு உப்பும், பசி எடுக்காது.

கோளாறு இதயத்தில், தொல்லை தெரிவது நுரையீரலிலும் காலிலும் வயிற்றிலும். அதனால்தான் பலர் முதலில் வேறு எதற்கோ மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ராத்திரியில் வந்ததா?

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. ராத்திரி ஒரு மணிக்குத் திடீர்னு மூச்சு விட முடியலை." இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கொஞ்சம் கிளறிக் கேட்டால் வேறு கதை வரும்.

"அதுக்கு முன்னாடி எத்தனை தலையணை வெச்சுத் தூங்குனாரு?"

"ஒண்ணுதான்... இல்ல, போன வாரத்துலேருந்து மூணு. ரெண்டு நாளா ஹால்ல சேர்ல உட்கார்ந்தே தூங்குனாரு. கேட்டா, 'வாய்வும்மா, சரியாயிடும்'னாரு."

மாரடைப்பாலோ, திடீரென எகிறிய ரத்த அழுத்தத்தாலோ சில மணி நேரத்தில் முற்றும் கேஸ்களும் உண்டு. ஆனால், ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு, ஆம்புலன்ஸ் வருவதற்கு நாட்கள் முன்பே, சிலருக்கு வாரங்கள் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடுகிறது. கவனிக்க வேண்டியவை இவை:

• தலையணை எண்ணிக்கை கூடுவது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. நிற்கும்போது காலில் தேங்கியிருக்கும் நீர், படுத்ததும் ரத்தத்தோடு நெஞ்சுப் பகுதிக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதைச் சமாளிக்க முடியவில்லை.

• தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி எழுவது. ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினால் கொஞ்சம் தேவலை. மறுபடி படுத்தால் மறுபடி திணறல்.

• எடை திடீரென ஏறுவது. 3 நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய சதை இல்லை, உடம்பில் தேங்கிய நீர்.

• செருப்பு இறுகுவது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக மறையும்.

• ராத்திரி இருமல். படுத்தால் வரும் வறட்டு இருமல். முற்றினால் நுரையாக, சில நேரம் இளஞ்சிவப்பாகச் சளி வரும். அது உடனடி ஆபத்து.

• நடை குறைவது. போன மாதம் பட்டினப்பாக்கம் கரை வரை நடந்தவர், இப்போது தெருமுனையிலேயே நின்று செல்போனைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குகிறார். "வயசாயிடுச்சு" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுரையீரலில் நீர் சேர்ந்தால் 'வீசிங்' சத்தமும் வரும். பழைய மருத்துவர்கள் அதை 'கார்டியாக் ஆஸ்துமா' என்றே சொல்வார்கள். பெயரில்தான் ஆஸ்துமா, காரணம் இதயம். அதுவரை ஆஸ்துமா இல்லாத ஒருவருக்கு 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வீசிங் வந்தால், பக்கத்து வீட்டு இன்ஹேலரை வாங்கி அடித்துப் பார்க்காதீர்கள். ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள்.

உப்புக்கு ஊர் பேதம் கிடையாது

தள்ளாடிக்கொண்டாவது ஓடிக்கொண்டிருந்த இதயத்தை ஒரே வாரத்தில் கவிழ்ப்பவற்றில் முதல் ஆள், உப்பு.

உப்பு நீரைப் பிடித்துவைக்கும். உடம்பில் நீர் கூடினால் இறைக்க வேண்டிய ரத்தத்தின் அளவும் கூடும். ஏற்கெனவே திணறும் பம்புக்கு அது கூடுதல் சுமை. ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமையலில் போடுவது, மோரில் போடுவது, கடையில் வாங்கும் பண்டத்தில் இருப்பது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

எங்கள் பகுதியில் இதற்கு இரண்டு வாசல். லூப் ரோடு, நொச்சிக்குப்பம் பக்கம் என்றால் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் என்றால் அப்பளம், மோர் மிளகாய், மாவடு, வற்றல். "நாங்க கருவாடே தொட மாட்டோம் டாக்டர்" என்று சொல்லும் மாமியின் தட்டில் நாள்தோறும் ரெண்டு அப்பளமும் மாவடுவும் இருக்கும். கருவாட்டுக் குழம்பு வைப்பவரோ, "குழம்புல உப்பே போடலை சார், கருவாட்டுல இருக்குற உப்புதான்" என்பார். உப்பு எந்த வழியாக வந்தாலும் இதயத்துக்கு ஒன்றுதான்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று, இந்துப்பு. நல்லது என்று நினைத்து மாற்றுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம்தான். இரண்டு, 'லோ சோடியம் உப்பு'. அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். இதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கும். இளநீரை அளவில்லாமல் குடிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடக் கூடாது. மூன்று, தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் வாய்வுப் பொடி. அதில் சோடியம் நிறைய. இதயத்தால் வரும் திணறலை வாய்வு என்று நினைத்து இதைக் கலக்கிக் குடிப்பது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

கவிழ்க்கும் மற்ற காரணங்கள்

மாத்திரையை நிறுத்துவது. ஊருக்குப் போனபோது மறந்தது, தீர்ந்துபோய் வாங்காதது, 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டது. கல்யாணத்துக்குப் போகும் நாளில் நீர் மாத்திரையை விழுங்கினால் பாத்ரூம் தேட வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். அதே நாளில் பந்தியில் உப்பும் கூடும். இரண்டும் சேர்ந்தால் மறுநாள் இரவு திணறல்.

வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு இவை ஆகாது. வலிக்கு என்ன எடுக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், நிமோனியா. உடம்பு தொற்றோடு போராடும்போது இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இவர்களுக்கு அவசியம் என்பது இதனால்தான்.

இவை தவிர, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், தாறுமாறான இதயத் துடிப்பு, ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மது, புதிதாக வந்த மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல் மட்டும்தான் அவர்களுக்கு அறிகுறியாக இருக்கும்.

யாருக்கு வரும்?

"எங்க வீட்ல யாருக்கும் ஹார்ட் பிராப்ளம் கிடையாது" என்பது காப்புக் கவசம் ஆகாது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் தலைமையில், 2013-ல் அந்த மாவட்ட மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியரோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோயோடு அட்மிட் ஆகிறவர்களின் வயதைவிட இது ஏறக்குறைய 10 ஆண்டுகள் குறைவு. 100-க்குச் சுமார் 72 பேருக்கு மூல காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. 5 ஆண்டுகளில் 100-க்கு 59 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கடைசி எண்ணைப் பயமுறுத்த எழுதவில்லை. அதே பதிவேட்டில், வழிகாட்டுதல்படி மருந்து கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததும் தெரிந்தது. மருந்து இருக்கிறது. அது போய்ச் சேர்கிறதா, தொடர்ந்து சாப்பிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

பிரசவித்த பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவமான 5 மாதங்களுக்குள்ளோ சில இளம் பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகும். படுத்தால் திணறல், கால் வீக்கம், இருமல். 'புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒரு எக்கோ போதும், கண்டுபிடித்துவிடலாம். சரியான சிகிச்சையில் பலருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ராத்திரி ஒரு மணிக்கு என்ன செய்ய வேண்டும்?

1. உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோ நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கப் போடச் சொல்லுங்கள். காலில் தேங்கும் ரத்தம் நெஞ்சுக்கு வருவது கொஞ்சம் குறையும்.

2. 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து இயங்கும் இந்த ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் உண்டு. ஆட்டோவில் இல்லை. 'மூச்சுத்திணறல், இதய நோயாளி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். விலாசத்தோடு அடையாளமும் சொல்லுங்கள். கச்சேரி ரோட்டுச் சந்துகளில் அடையாளம் இல்லாமல் வீடு கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் தெருமுனையில் போய் நில்லுங்கள்.

3. படி இறங்கி நடக்க விடாதீர்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குங்கள். "நானே நடந்துடுவேன்" என்று அவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

4. குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். சோடா, வெந்நீர், கஷாயம், குளுக்கோஸ் எதுவும் வேண்டாம்.

5. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நீங்களாக வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் அதுவே ஆபத்தாகும். உங்கள் டாக்டர் முன்பே சொல்லியிருந்தால் மட்டும் கொடுங்கள்.

6. மாத்திரைப் பெட்டி, பழைய எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் காகிதம் மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அளவு 90-க்குக் கீழே போனால் நிச்சயம் அவசரம். ஆனால், 96 காட்டுகிறது என்பதற்காகத் திணறுகிறவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கருவியைவிட ஆளைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லையா? உதடு நீலமாகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? பேச்சு குழறுகிறதா? உடனே கிளம்ப வேண்டும்.

சாந்தோம், மயிலாப்பூர்வாசிகளுக்கு அரசு மருத்துவமனை என்றால் ராயப்பேட்டை பக்கம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையும் அதிகத் தொலைவில் இல்லை. தனியார் என்றால் வீட்டுக்கு அருகில் 24 மணி நேரமும் ஐசியூ வசதியுள்ள இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். திணறும்போது கூகுளில் தேட நேரம் இருக்காது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

ஐசியூ கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்தால் பயம் பாதி குறையும்.

ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் கொடுப்பார்கள். அது போதாவிட்டால், மூக்கையும் வாயையும் மூடும் இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்துவார்கள். வீட்டார் அதைப் பார்த்து, "வென்டிலேட்டர் வெச்சுட்டாங்க" என்று கலங்குவார்கள். தொண்டைக்குள் குழாய் விடுவது வேறு. இந்த மாஸ்க், குழாய் விடும் நிலைமை வராமல் தடுக்கத்தான்.

அடுத்து, நீரை இறக்கும் ஃபியூரோசமைட் ஊசி. லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். சிறுநீர்க் குழாய் போட்டு, எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று மணிக்கு மணி அளப்பார்கள். "யூரின் நல்லா போகுது" என்று நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னால் நீங்களும் சந்தோஷப்படலாம். நுரையீரலில் தேங்கியது வெளியே வருகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மிகவும் குறைந்துபோயிருந்தால் கதை வேறு. இதயத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் தேவைப்படும். அது இன்னும் தீவிரமான நிலை.

கூடவே காரணத்தைத் தேடுவார்கள். ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, ட்ரோபோனின், 'பிஎன்பி' ரத்தப் பரிசோதனை. இதயம் இழுபடும்போது சுரக்கும் பொருள் பிஎன்பி. திணறல் இதயத்தால் வந்ததா, நுரையீரலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அது உதவும். மாரடைப்பு என்றால் அடைப்பை நீக்க வேண்டும். வால்வு கோளாறு என்றால் வால்வைச் சரிசெய்ய வேண்டும். நீரை மட்டும் இறக்கி அனுப்பினால் அது திரும்ப வரும்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. 100 மார்க்குக்குப் போட்ட மார்க் இல்லை. ஆரோக்கியமான இதயமே 55, 60, 65 சதவீதம்தான் தள்ளும். 40 அல்லது அதற்குக் கீழே என்றால் இறைக்கும் சக்தி குறைந்திருக்கிறது. ஈஎஃப் 60 இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரலாம். தசை விறைத்த வகை அது. வயதான பெண்கள், சர்க்கரை, பிரஷர், உடல் பருமன் உள்ளவர்களிடம் அதிகம். "எக்கோ நார்மல்னு சொன்னாங்களே" என்பதால் மட்டும் மூச்சுத்திணறலை விட்டுவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு வாரம்

பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. நீர் இறங்கிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது, 'குணமாயிடுச்சு' என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், டிஸ்சார்ஜான அடுத்த சில வாரங்கள்தான் மறுபடி கவிழும் ஆபத்து மிக அதிகமான காலம்.

2022-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. திடீர் ஹார்ட் ஃபெயிலியரில் அட்மிட் ஆன 1,078 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு டிஸ்சார்ஜான இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்தார்கள். 6 மாதத்தில் இறந்தவர்களும் மறுபடி இதே நோய்க்கு அட்மிட் ஆனவர்களும் முதல் குழுவில் 100-க்கு 23 பேர். இரண்டாவது குழுவில் 15 பேர். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

நமக்கு இதில் உள்ள பாடம், ஒரு வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது. 'ஒரு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்' கூடாது.

இறைக்கும் சக்தி குறைந்தவர்களுக்கு இன்று பொதுவாக நான்கு வகை மாத்திரைகள் தரப்படுகின்றன. இதயத்தின் சுமையைக் குறைப்பது, துடிப்பை நிதானப்படுத்துவது, ஸ்பைரோனோலாக்டோன் வகை, பிறகு டாபாகிளிஃப்ளோசின் வகை. கடைசியாகச் சொன்னது சர்க்கரை மாத்திரையாக வந்தது. "எனக்கு சுகரே இல்லையே, ஏன் சுகர் மாத்திரை எழுதியிருக்காரு?" என்று தூக்கிப் போட்டுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அது இதயத்தைக் காக்கிறது. துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை முதலில் சில வாரம் அசதி தரும். தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். இவற்றில் பெரும்பாலானவை இப்போது ஜெனரிக் வடிவில் விலை குறைந்து கிடைக்கின்றன. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் கடைகளிலும் விசாரியுங்கள்.

இதோடு இரண்டே பொருட்கள் வாங்குங்கள். ஓர் எடை மெஷின், ஒரு கோடு போட்ட நோட்டு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டுவதோடு முடிந்துவிடலாம். விட்டுவிட்டால் நான்கு நாள் கழித்து ஐசியூ. கத்திரி வெயிலில் எடை வேகமாக இறங்கி, தலைசுற்றல் வந்தாலும் சொல்லுங்கள். அப்போது நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதையும் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். மோர், ரசம், காபியும் அந்தக் கணக்கில் சேரும்.

இந்த நோட்டை எழுதும் வேலையைப் பேரப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். "தாத்தா, நேத்தைவிட 800 கிராம் ஜாஸ்தி. நேத்து அப்பளம் சாப்பிட்டீங்களா?" என்று அது கேட்கும்போது தாத்தாவால் பொய் சொல்ல முடியாது.

மருந்துக்கும் அடங்காவிட்டால்?

சிலருக்கு எல்லா மருந்தும் கொடுத்தும் இதயம் தேறாது. சிறப்பு பேஸ்மேக்கர், இயந்திர பம்ப், கடைசியாக மாற்று இதயம். அதிலும் சென்னைக்கு மறக்க முடியாத ஒரு பக்கம் உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தைக் கொண்டுபோகப் போலீஸார் வழியை ஒதுக்கித் தந்தார்கள். சுமார் 11 நிமிடத்தில் அது போய்ச் சேர்ந்தது. இதயம் பழுதாகிக் காத்திருந்த 9 வயது பெங்களூருச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புதானம் வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயமானது அதற்குப் பிறகுதான்.

ஆனால், மாற்று இதயம் வரை போக வேண்டியவர்கள் சிலரே. மற்ற எல்லோருக்கும் மாத்திரையும் உப்பும் எடையும் மறுபரிசோதனையும்தான் சிகிச்சை.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள், பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள், எப்போதோ மாரடைப்பு வந்தவர்கள் யார் இருந்தாலும் சரி, அவர்கள் தூங்கும் அறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். எத்தனை தலையணை? போன மாதம் எத்தனை? வெளியூரில் தனியாக இருக்கும் அம்மா, அப்பா என்றால் போனில் கேளுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "படுத்தா மூச்சு சிரமமா இருக்கா? கால் வீங்குதா?" என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால், நாளைக் காலை ஈசிஜி, எக்கோவுக்கு அழைத்துப் போங்கள்.